கழிப்பறைக்குக் கருத்து இல்லை

...கேக் என்றால் அது வேறு கதை, கேக்கில் பெயர் எழுத வேண்டும், பூப் போட வேண்டும், தலையில் இரண்டு பொம்மைகளை நிறுத்த வேண்டும், மனசாட்சி வந்து குறுக்கே படுத்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. போட்டோக்காரன் என்றாலும் சரி, கொஞ்சம் சிரிங்க என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். பூக்கடைக்காரி, பாட்டுக்காரன், மண்டபத்துக்காரன், ஆளுக்கு ஒரு கௌரவமான தர்மசங்கடம் கைவசம் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் ஆண்டவரே இப்படி, என்று கேட்டுக்கொண்டே மெர்வின் மக்கிப்பன் ஜீப்பை இரண்டாம் கியருக்கு இறக்கினார். மேட்டில் ஜீப் முனகியது. பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த வண்டி முனகவில்லை, அதற்கென்ன, இழுத்த இழுப்புக்கு வருகிறது, அதற்குள் பெண்களுக்கு, ஆண்களுக்கு என்று தனித்தனி அறைகள், கை கழுவத் தொட்டி, கண்ணாடி, வெளியே இரண்டு பக்கமும் ஆளுயர எழுத்தில் 'மெர்வின் மக்கிப்பன், நடமாடும் கழிப்பறைகள், திருமணம் முதல் துக்கம் வரை'. பெயிண்டர் பச்சையில் எழுதட்டுமா என்று கேட்டபோது, பச்சையா, அது கத்தோலிக்கங்க கலராச்சே, நம்ம வண்டியிலயா, என்று பதறிக் கருநீலம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அதுவும் வயலுக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும் என்று சொல்லி எழுதி வாங்கியது... இன்றைக்கு மட்டும் ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கலாமோ? மூடினால் என்ன, இந்த ஆன்ட்ரிம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது அது மெர்வினின் வண்டி என்று. எதிரே தபால்காரப் பெண்ணின் வேன் வந்தது, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார், அதற்குள் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரல் தானாக எழுந்து அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டது. இந்த விரலை என்ன செய்வது, சின்ன வயதுப் பழக்கம், வருகிறவன் திருடனா போலீஸா என்று பார்க்காது, வண்டி வந்தால் எழும், ஆண்டவர் இந்த ஊர்க்காரர்களைப் படைக்கும்போது விரலுக்கும் மூளைக்கும் நடுவில் கம்பி இழுக்க மறந்துவிட்டார்.

விரல் மட்டுமா, வாயும் அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்திய வாரம் போன் வந்தது, மெர்வின் வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார், மனைவி ஹேசல் போனைக் கொண்டுவந்து அவர் காதில் வைத்துப் பிடித்தாள். மெர்வின், நான் கேரத் பேசறேன், மிர்ட்டில் மகன், ஜூன் மாசம் கல்யாணம், எங்க கீழ்வயல்லதான், உங்க வண்டி வேணும். அடடே, கேரத்தா, ரொம்ப சந்தோஷம்ப்பா, பொண்ணு எந்த ஊரு? பொண்ணு இல்லை மெர்வின், பையன்தான், கோர்மக்னு பேரு. அந்த நொடிதான், மனசாட்சி எழுந்து மேசையைத் தட்டியிருக்க வேண்டிய நொடி, அது எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, வாடிக்கைக்காரர்களிடம் பேசிப் பழகிய வாய் முந்திக்கொண்டு, நல்லது நல்லது, எத்தனை பேர் வருவாங்க, ஜெனரேட்டர் வேணுமா, என்று கேட்டுவிட்டது. வேணும் என்றான். எழுதிக்கோ ஹேசல் என்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுத்த பிறகுதான் குழாய்த் தண்ணீர் தன் முகத்தில் கொட்டிக்கொண்டிருப்பதையே கவனித்தார். ஹேசல் எழுதியதைத் திரும்பப் படித்தாள். "கோர்மக்கா? கத்தோலிக்கப் பேராச்சே?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பாவம் மிர்ட்டில், ரெண்டுல எதை அவகிட்ட முதல்ல சொல்லியிருப்பான்?" என்றாள். மிர்ட்டில் சபைக்கூடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள், கணவன் போன பிறகு மேட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள், அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழ்வயல்தான். மகனின் கல்யாணம் ஜன்னலுக்குக் கீழே நடக்கப் போகிறது, அன்றைக்குத் தான் போர்ட்ரஷில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சபைச் சகோதரிகளிடம் சொல்லியிருக்கிறாளாம், சொல்லும்போது ஆர்மோனிய மூடியை மூன்று தடவை துடைத்தாளாம், ஹேசல் வந்து சொன்னாள். சரி, அம்மாவே போகவில்லை, அப்புறம் நான் ஏன்? அது சரி, இவன் ஏன் என்னைக் கூப்பிட்டான்? பாலிமினாவில் பெரிய கம்பெனி இருக்கிறது, வாடகையும் குறைவு, வண்டியில் பாட்டுக்கூடப் பாடுகிறதாம், அதையெல்லாம் விட்டுவிட்டு, சபை மூப்பர், ஊரறிந்த விசுவாசி, இந்த மெர்வினை ஏன்? பொறியா? மறுப்பேன் என்று தெரிந்தே கேட்டு, மறுத்ததும் கோர்ட்டில் நிறுத்தி, பேப்பரில் போட்டோ போட்டு...

அந்தப் பயத்தில்தான் வக்கீலைப் பார்க்கப் போனார். மிஸ் ஆடேர் சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி, பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் டீ ஆறிப்போகும். "மிஸ்டர் மக்கிப்பன், கேக்ல ஒரு வாசகம் எழுதச் சொன்னா, என் வாயில வார்த்தையைத் திணிக்கறாங்கன்னு வாதாடிப் பார்க்கலாம். கழிப்பறைக்குக் கருத்து இல்லை. அது யாரையும் ஆதரிக்கல, யாரையும் எதிர்க்கல. ஊருக்கெல்லாம் வாடகைக்கு விட்டுட்டு இவங்களுக்கு மட்டும் மாட்டேன்னா ஆள் பார்த்து மறுக்கறதுதான், சட்டம் விடாது." கேட்டதும் ஒரு பக்கம் நெஞ்சு லேசானது, மறு பக்கம் சுருக்கென்றது, வாழ்நாளெல்லாம் கழுவித் துடைத்துக் கட்டிக் காத்த தொழிலுக்குக் கருத்தே கிடையாதாம். கல்யாணத்துக்குப் போய்வந்தவன் சாப்பாட்டை மறப்பான், பாட்டை மறப்பான், பெண்ணின் பெயரைக்கூட மறப்பான், கழிப்பறை நாறியிருந்தால் சாகும்வரை மறப்பானா? இருந்தாலும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், ராத்திரி தூக்கம் வராவிட்டால், கருத்து இல்லை, கருத்து இல்லை என்று முணுமுணுப்பார், "ஆண்டவர்கிட்ட பேசறியா வக்கீல்கிட்ட பேசறியா?" என்று ஹேசல் போர்வைக்குள்ளிருந்து கேட்பாள். ஆனால் கிளம்பும்போது மிஸ் ஆடேர் இன்னொன்றும் சொன்னாள், "ஒவ்வொரு கதவுக்கு உள்பக்கமும் ஏதோ வசனம் ஒட்டியிருப்பீங்களாமே, இந்த ஒரு நாளைக்கு அதை எடுத்துடுங்க, அவங்களைக் குறிவெச்சு ஒட்டின மாதிரி ஆயிடும்." அங்கேதான் அடி. தொழில் தொடங்கிய நாளிலிருந்து வசனம் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டியதில்லை, ஒரு மனுஷன் எங்கேயும் ஓடமுடியாமல், வேறு வேலையும் இல்லாமல், கண்ணெதிரே இருப்பதைப் படித்தே ஆக வேண்டிய இடம் இதைவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்? முதலில் அவர் ஒட்டியது, நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் எதிரே நிற்கத் தயாரா என்று கேட்கிற வசனம், "மனுஷன் உக்கார்ந்திருக்கிற நேரத்துல கேக்கற கேள்வியா இது?" என்று ஹேசல் கிழித்துப் போட்டாள். அப்புறம் அவள் தேர்ந்தெடுத்ததுதான் இப்போது இருப்பது, பாரம் சுமந்து களைத்தவர்களை வா, இளைப்பாறு என்று கூப்பிடுகிற வசனம். அதிலிருந்து வெளியே வருகிறவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி, சிலர் முகத்தில் ஒரு சிரிப்புகூட, வசனம் தன் வேலையைச் செய்கிறது என்று மெர்வின் தூரத்தில் நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வார். நேற்று அதைத்தான் கத்தியால் சுரண்டி எடுத்தார், கதவில் பசை மட்டும் சதுரமாக நிற்கிறது, அட்டைகள் ஜீப்பின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கின்றன, மேடு பள்ளத்தில் உள்ளேயிருந்து தட்டுகின்றன. தட்டட்டும்.

எந்த நாளிலும் அவருக்கு இது விளையாட்டு இல்லை. கல்யாணம் என்றால் இன்னது என்று அப்பா மடியில் உட்கார்ந்து கேட்டது, தானே நம்பியது, சபையில் நின்று போதித்தது, யாரோ சட்டம் எழுதினார்கள் என்பதற்காக அது ஒரு ராத்திரியில் மாறிவிடுமா? மாறாது. மாறக்கூடாது. ஒரு நாள் மேலே ஆண்டவர் முன்னால் போய் நிற்க வேண்டும், மெர்வின், உன்னிடம் ஒப்படைத்ததை என்ன செய்தாய் என்று கேட்பார், கழிப்பறைக்குக் கருத்து இல்லைன்னு வக்கீல் சொன்னாங்க ஆண்டவரே, என்றா சொல்வது? சரி, மறுத்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம், ஜெயில் எல்லாம் இல்லை, அபராதம்தான் என்று மிஸ் ஆடேர் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது... அப்படி வைத்துக்கொண்டாலும், மேலே இரத்தசாட்சிகள் வரிசையாக நிற்பார்கள், ஒருவரைச் சிங்கம் தின்றது, ஒருவரைத் தீயில் போட்டார்கள், ஒருவரைக் கல்லால் அடித்தார்கள், வரிசை நகர்ந்து தன்னிடம் வரும், நீ எதற்காகப் பாடுபட்டாய் மகனே? கக்கூஸுக்காக ஆண்டவரே. சிங்கம் தின்றவர் திரும்பிப் பார்ப்பார். மெர்வினுக்கு ஜீப்பிலேயே காது சூடாகிவிட்டது.

ஜெபிக்காமல் இல்லை, ஒரு மாதமாக ஒரே ஜெபம், ஆண்டவரே, நான் மறுக்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம், நீரே நடுவில் புகுந்து எதையாவது செய்யும். டயர் வெடிக்கலாம். கேரத் வீட்டு கேட் குறுகலாக இருக்கலாம், இல்லை, அது தெரியும், அகலம்தான், அவன் அப்பா இருக்கும்போது அவரோடு தானும் சேர்ந்து நட்ட கேட் அது. மழை பெய்யலாம், நாலு நாள் விடாமல் பெய்தால் கீழ்வயல் சேறாகிவிடும், வண்டி இறங்காது, மன்னிச்சுக்கோ கேரத், வண்டி புதைஞ்சுடும் என்று நல்லபடியாகச் சொல்லிவிடலாம். மழைதானே, இந்த ஊரில் யாராவது மழைக்கு ஜெபித்திருக்கிறார்களா, கேட்காமலே வருஷம் முழுக்கக் கொட்டுகிற சனியன், மெர்வின் முதன்முதலாக முழங்காலில் நின்று கேட்டார், அன்றோடு நின்றது, இப்படி ஒரு ஜூன் மாதத்தை யாரும் பார்த்ததில்லை, வயலெல்லாம் தரை ஓடுபோலக் காய்ந்து கிடக்கிறது, வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. இது பதிலா? பதில் என்றால் என்ன பதில்?

நாற்சந்தியில் எதிரே டிராக்டர் வந்து நின்றது, செசில், இன்னொரு மூப்பர், மாட்டுப் பண்ணைக்காரர், பின்னால் காலி டிரெயிலர். விரல் எழுந்தது. செசிலின் விரலும் எழுந்தது. இனி ஒதுங்க வழியில்லை, இருவரும் கண்ணாடியைத் திறந்தார்கள். "நல்ல வெயில், பிரதர்." "நல்ல வெயில்தான், பிரதர்." "எங்க, வண்டியோட?" "இப்படித்தான்... ஒரு நிகழ்ச்சி." "ஓ. நிகழ்ச்சி." "ஆமா, வயல்ல." "வயல்லன்னா வசதிதான்." கேட்கப் போகிறான், யார் வயல் என்று அடுத்து கேட்கப் போகிறான், பொய் சொல்லக்கூடாது, சொல்லவும் முடியாது, முந்திக்கொள்வதுதான் நல்லது. "நீங்க எங்க போயிட்டு வர்றீங்க, பிரதர், இவ்வளவு காலையில?" செசில் மணிக்கூண்டைப் பார்ப்பதுபோல எங்கோ மேலே பார்த்தார், அந்த நாற்சந்தியில் ஏது மணிக்கூண்டு. "நானா? இப்படித்தான்... ஒரு வேலை." "ஓ. வேலை." "ஆமா." ஆண்டவர் கிருபை செய்வாராக என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே மூச்சில் கண்ணாடியை மூடிக்கொண்டார்கள். செசில் ஒன்றும் கேட்கவில்லையே... செசிலா கேட்காமல் போவது, சவப்பெட்டிக்குள் இருப்பவனிடமே எங்கே கிளம்பினாய் என்று கேட்கிற ஆள்.

கேட் திறந்தே கிடந்தது, டயர் வெடிக்கவில்லை, வண்டி கப்பல்போல வயலில் இறங்கியது. வெள்ளைக் கூடாரம், கயிற்றில் கட்டிய கலர் துணிகள், உட்காருவதற்கு வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள், மெர்வின் இறங்கிப் பார்த்தார், கட்டுகளில் நீலக் கயிறு, இரண்டு சுற்று சுற்றி வாலை உள்ளே செருகிய முடிச்சு, இந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி முடிச்சுப் போடுகிறவர் ஒருவர்தான். ஒரு வேலையாம், வேலை! வைக்கோலுக்கும் கருத்து இல்லை போலிருக்கிறது. அதற்குள் கேரத் ஓடிவந்தான், பாதி சவரம் செய்த முகம், காலில் ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு நெட்டைப் பையன் கையில் டீ கெட்டிலோடு. "வந்துட்டீங்களா மெர்வின், வருவீங்களோ மாட்டீங்களோன்னு... இவன்தான் கோர்மக்." மெர்வின் கையைக் குலுக்கினார், கை என்றால் குலுக்கத்தானே வேண்டும், கோர்மக் ஒரு டீ குடிங்களேன் என்றான், இல்லப்பா வேண்டாம், ஒரே ஒரு வாய், இல்லை இப்பத்தான் குடிச்சேன், ஒரு மடக்குதானே, சரி நீ இவ்வளவு சொல்றதால, என்று முறைப்படி மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார், டீ ஆறியிருந்தது, மூன்று தடவை கேட்கிற பழக்கம் அந்தக் கத்தோலிக்கப் பக்கத்திலும் இருக்கிறதா என்ன? "வண்டியை அந்த வேலிக்குப் பின்னால விட்டுடறேன், யார் கண்ணுக்கும் படாது." "இல்லை மெர்வின், இங்க, நடுவுல." "நடுவுலயா? கல்யாணத்துல கழிப்பறையை யாராவது நடுவுல வைப்பாங்களா? போட்டோவுல எல்லாம் விழும்." "விழட்டும். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம். பக்கவாட்டா திருப்புங்க, எழுத்து மேட்டுப் பக்கம் பார்க்கணும். அவ்வளவுதான். அங்கயே நிறுத்துங்க." பைத்தியக்காரப் பையன். விளம்பரம் இலவசமாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறானோ? பேப்பர்காரன் யாராவது ஒளிந்திருக்கிறானோ? மெர்வின் சுற்றிப் பார்த்தார், வேலி ஓரம் ஒரு ஆடு, அது கேமரா வைத்திருக்கவில்லை.

வண்டியின் முட்டுக்கால்களை இறக்கி, ரசமட்டத்தை எடுத்தார். இந்தத் தொழிலில் எல்லாம் ரசமட்டம்தான், வண்டி ஒரு விரல்கடை சாய்ந்தாலும் கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கிற அத்தையம்மாவைக் கல்யாணக் கூட்டம் மொத்தமும் பார்க்கும். இன்றைக்குக் கொஞ்சம் சாய்த்து வைத்தால்? ஒரு எதிர்ப்பு, சின்னதாக, யாருக்கும் தெரியாமல், ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும்... சீ, அத்தையம்மா என்ன பாவம் செய்தாள்? வழக்கத்தைவிட நிதானமாக நாலு மூலையும் பார்த்தார். கதவைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு அறையிலும் குழாயோடு சேர்த்துக் கட்டிய ஜாம் பாட்டிலில் பட்டாணிப் பூ, ஊதாவும் வெள்ளையும், ஹேசல்! ராத்திரி அவர் வசனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தூங்கப் போன பிறகு டார்ச் லைட்டோடு வந்து வைத்திருக்கிறாள், இதற்குக் கருத்து இருக்கிறதா இல்லையா என்று மிஸ் ஆடேரிடம் கேட்கவே இல்லையே. பூவை எடுத்து எறிய வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வாடிய ஒரு இலையைக் கிள்ளினார், தண்ணீர் போதுமா என்று பார்த்தார். கேரத்துக்கு அப்போது ஏழு வயது, முன்பல் இல்லை, மெர்வின் நடத்திய ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்க எழுந்தால் பாதி வார்த்தை காற்றாகப் போகும், மற்ற பிள்ளைகள் சிரிக்கும், இவன் நிறுத்தமாட்டான், கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை சொல்லிவிட்டு மெர்வினைப் பார்ப்பான், சரியா சார்? சரிதான்டா, ஒரு சொல் விடலை. அவன் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கும் எல்லாரும் போன பிறகு அப்படித்தான் பார்த்தான். இன்றைக்கும் அதே கண்தான், இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் மெர்வின்... அந்தப் பையன்மேல் பாசம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும், அவன் செய்வது தப்பு என்ற நம்பிக்கையும் இருக்கிறது, அதையும் இல்லை என்று சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. மேட்டு வீட்டில் சமையலறைத் திரை மூடியிருந்தது. மிர்ட்டில் போர்ட்ரஷுக்குப் போய்விட்டாள் போல. நல்லதுதான். நல்லதா?

ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைச் சரிபார்த்து, கடைசிக் காகிதச் சுருளை மாட்டிவிட்டுத் திரும்பினால் எதிரே மிர்ட்டில் நிற்கிறாள். இளநீலக் கோட்டு, தலையில் அதே நிறத்தில் தட்டு அளவுக்கு ஒரு தொப்பி, அதில் ஒரு இறகு, கையில் பலகாரத் தகரடப்பா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், மேட்டிலிருந்து வேகமாக இறங்கியிருக்க வேண்டும். "பிரதர், இதைக் கொஞ்சம் பிடிங்க, உள்ள போயிட்டு வந்துடறேன், காலையிலேருந்து ஒரே படபடப்பு." டப்பாவைக் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மெர்வின் டப்பாவோடு நின்றார், கழிப்பறை வாசலில் ஒரு சகோதரிக்காகக் காத்திருக்கும்போது எங்கே பார்ப்பது என்று சபையில் யாரும் போதிப்பதில்லை, ஆட்டைப் பார்த்தார். கதவு திறந்தது. மிர்ட்டிலின் முகத்தில் நிம்மதியும் இல்லை, சிரிப்பும் இல்லை. "கதவுல வசனத்தைக் காணோமே?" என்றாள். "அது... வக்கீல் எடுக்கச் சொன்னாங்க சிஸ்டர், சட்டப்படி..." "என்ன சட்டம்? நான்சி பொண்ணு கல்யாணத்துல இருந்துது. செசில் வெள்ளிவிழாவுல இருந்துது. மாட்டுச் சந்தையில கூட இருந்துதே, மாட்டுக்காரனுங்க படிச்சானுங்களே! என் பையன் கல்யாணத்துக்கு மட்டும் கிடையாதா?" "அப்படி இல்லை சிஸ்டர், அவங்க மனசு நோகக்கூடாதுன்னு..." "எல்லாரையும் ஒண்ணுபோல நடத்தணும்னுதானே சட்டம் போட்டிருக்கான்? அவனை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

மிஸ் ஆடேர் சொன்னது மெர்வினுக்கு நினைவுக்கு வந்தது. ஆள் பார்த்து மறுக்கறது, சட்டம் விடாது... அப்படியானால் இந்த மாதம் முழுக்க எந்தச் சட்டத்துக்குப் பயந்து தூங்காமல் கிடந்தாரோ அதே சட்டத்தை நேற்று ராத்திரி கத்தியை எடுத்துத் தானே மீறியிருக்கிறார், அதுவும் வக்கீலின் யோசனைப்படி! மிஸ் ஆடேருக்குப் போன் போடலாமா, சனிக்கிழமை எடுக்கமாட்டாள், எடுத்தாலும் என்னவென்று கேட்பது? ஜீப்புக்கு நடந்தார், டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார், அட்டைகள் மடியில் வந்து விழுந்தன. மிர்ட்டில் தொப்பி கதவில் இடிக்காமல் குனிந்து கழிப்பறைக்குள்ளே வந்து ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்துக் கொடுத்தாள், மெர்வின் அட்டையின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து ஒட்டினார், கோணலாக ஒட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. பூவைப் பார்த்துவிட்டு மிர்ட்டில், "ஹேசல் வெச்சாளா?" என்றாள். "ம்." கடைசிக் கதவில் ஒட்டும்போது அவள் குரல் தணிந்தது, ஒட்டுத்தாள் பல்லில் இருந்ததால் வார்த்தை பாதி உள்ளே போனது. "இந்தத் தொப்பி மே மாசம் வாங்கினது பிரதர். போகப்போறதில்லைன்னு முடிவு பண்ணினதுக்கு அப்புறம் வாங்கினது. ஏன் வாங்கினேன்னு கேக்காதீங்க. இன்னிக்குக் காலையில பெட்டி கட்டி வெச்சுட்டேன், பஸ்ஸுக்கு நேரம் ஆச்சு, திரையை மூடினவ, சும்மா ஒரு தடவை விலக்கிப் பார்த்தேன். நடு வயல்ல உங்க பேரு. முதல்ல நம்பலை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கண்ணாடியைக் கழட்டிட்டும் பார்த்தேன், உங்க பேருதான். மெர்வினே வந்து நிக்கறார்... அப்போ நானும் போய் நிக்கலாம், அதுல ஆண்டவருக்கு வருத்தம் இருக்காதுன்னு தோணிச்சு. நீங்க யோசிக்காம, ஜெபிக்காம ஒரு இடத்துக்கு வர்ற ஆள் இல்லையே."

இப்போது சொல்ல வேண்டும். இப்போதே. சிஸ்டர், நான் சட்டத்துக்குப் பயந்து வந்தேன், வக்கீல் சொல்லி வந்தேன், மழை பெய்யாததால் வந்தேன், இந்த வண்டி யாரையும் ஆதரிக்கவில்லை, இதற்குக் கருத்து இல்லை, என் பெயரைப் பார்த்து நீங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டது என் அர்த்தம் இல்லை... உண்மை அதுதான், மூப்பர் உண்மை பேச வேண்டும், சும்மா இருந்தால் அதுவே பொய்ச்சாட்சி. சொன்னால் அவள் என்ன செய்வாள்? தொப்பியைக் கழற்றுவாள். மேட்டில் ஏறுவாள். மெர்வின் வாயைத் திறந்தார், அந்த வாய்தான், போனில் எத்தனை பேர் வருவாங்க என்று கேட்ட அதே வாய், "தொப்பி நல்லா இருக்கு, சிஸ்டர்," என்றது. "இறகு அதிகமோன்னு பார்த்தேன்," என்று மிர்ட்டில் டப்பாவை எடுத்துக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தாள். கேரத் பார்த்துவிட்டான், மறு பாதியும் சவரம் செய்யாமல் அப்படியே நின்றான், அவள் பக்கத்தில் போய்ச் சட்டைக் காலரைச் சரி செய்தாள், இன்னும் சரி செய்தாள், சரியாக இருந்ததையும் திரும்பச் சரி செய்தாள், அப்புறம் கோர்மக் பக்கம் திரும்பி, அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை வயல் முழுக்கக் கேட்டது, "அந்த டீ ஆறிப்போயிருக்கும் தம்பி, அதையா எல்லாருக்கும் குடுக்கறே?"

நடுவுல. இன்னும் கொஞ்சம் இடதுபக்கம். எழுத்து மேட்டுப் பக்கம் பார்க்கணும். ஆக, பொறிதான்... மெர்வின் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், முதலிலிருந்து பொறிதான், சரியாகத்தான் சந்தேகப்பட்டார், கோர்ட்டுக்குக் கொண்டுபோக வைத்த பொறி என்று நினைத்தது மட்டும்தான் தப்பு, பயல் பெற்ற தாயைப் பிடிக்க மெர்வினைத் தூண்டிலில் மாட்டி நடு வயலில் நிறுத்தியிருக்கிறான், கழிப்பறைக்குக் கருத்து இருக்கிறது என்று மிஸ் ஆடேருக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவின் தொப்பிக்கு மேலாக கேரத் இங்கே பார்த்தான், அதே பார்வை, சரியா சார்? கோபம் வரும் என்று மெர்வின் காத்திருந்தார், அதற்குள் ஆள்காட்டி விரல் எழுந்துவிட்டது, பிடிக்க ஸ்டியரிங்கூட இல்லை, வெறும் காற்றில் எழுந்து நின்றது, அதை இறக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நாளைக்குக் காலையில் சபைக்கூடத்தில் செசில் பக்கத்தில் முழங்காலில் நிற்க வேண்டும், செசில் அவன் வைக்கோலைப் பற்றி ஆண்டவரிடம் என்ன சொல்லிக்கொள்கிறானோ அது அவன் பாடு, தனக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, வண்டியைக் கொண்டுவந்தது, உண்மையைச் சொல்லாமல் தொப்பியைப் புகழ்ந்தது, இவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், கேட்டுப் பழக்கம்தான், ஆனால் இது என்ன, நெஞ்சுக்குள் ஏதோ லேசாக, வெயில் அடிப்பதுபோல, இது சந்தோஷம்தானே, இதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் முதலில் இதற்காக வருத்தப்பட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வருத்தப்பட்டுப் பார்த்தார், நேர்மையாகத்தான் பார்த்தார், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கூடாரத்துப் பக்கம் மிர்ட்டில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்... வரவில்லை. நாளைக்குள் வந்துவிடுமா? வராவிட்டால் என்ன செய்வது, ஆண்டவரே, வராமலே இருந்துவிட்டால்?